சாக்ரட்டீசின் வழக்கு: பிளேட்டோவின் இரு நூல்களும் அவற்றுக்கிடையிலான முரணும்

கி.மு. 399ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரின் நடுவர் மன்றம் ஒன்று, எழுபது வயதான சாக்ரட்டீசுக்கு மரண தண்டனை விதித்தது. பண்டைய கிரேக்க மெய்யியலின் வரலாற்றில் இந்த வழக்கைப் போல் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட நிகழ்வு வேறில்லை. சாக்ரட்டீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் அவருடைய மாணவர்களான பிளேட்டோ, செனபோன் ஆகியோரின் எழுத்துகளிலிருந்தும், அவரை மேடையில் கேலி செய்த அரிஸ்டோபேன்சின் 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகத்திலிருந்தும் வந்தவை. அந்நாடகம் கி.மு. 423இல், அதாவது வழக்குக்கு 24 ஆண்டுகள் முன்னரே, அரங்கேறியது.

தமிழ் வாசகர்களில் பலருக்குச் சாக்ரட்டீஸ் அறிமுகமானது நூல் வழியாக அன்று. மேடை வழியாகவும் திரை வழியாகவும்தான். 1956இல் வெளிவந்த 'ராஜா ராணி' திரைப்படத்தில் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் நடித்த சாக்ரட்டீஸ் நாடகக் காட்சி அதில் முதன்மையானது. அந்த மரபில் சாக்ரட்டீஸ் பகுத்தறிவுக்காக நஞ்சுண்டவர். அவரைக் கொன்றவர்கள் மூடநம்பிக்கையில் ஊறிய கூட்டத்தார். இச்சித்திரம் உணர்ச்சி மிக்கது. ஓரளவு உண்மையும் உடையது. ஆனால் மூல நூல்களைப் படிக்கும்போது வழக்கும் அதன் நாயகரும் இதைவிடச் சிக்கலானவர்களாகத் தெரிகிறார்கள். அச்சிக்கலை விளக்குவதும், பிளேட்டோவின் 'அப்பாலஜி', 'கிரிட்டோ' ஆகிய இரு நூல்களுக்கும் இடையிலுள்ள முரணை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கு நடந்த முறை

ஏதென்சில் அரசு வழக்கறிஞர் என ஒருவர் கிடையாது. எந்தக் குடிமகனும் மற்றொருவர் மீது பொது வழக்குத் தொடரலாம். வழக்குத் தொடர்ந்தவருக்கு மொத்த வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கேனும் கிடைக்காவிட்டால் அவர் 1000 திராக்மா அபராதம் கட்ட வேண்டும். பொய் வழக்குகளைக் குறைக்க இந்த ஏற்பாடு. சாக்ரட்டீஸ் மீது மெலீட்டஸ் வழக்குத் தொடர்ந்தார். அனிட்டஸ், லைகோன் ஆகிய இருவரும் அவருக்குத் துணை நின்றனர். நகரம் ஏற்கும் கடவுளரை ஏற்காமை, புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துதல், இளைஞரைக் கெடுத்தல் ஆகியவை குற்றச்சாட்டுகள்.

தீர்ப்பளித்தவர்கள் சட்டம் பயின்ற நீதிபதிகள் அல்லர். 30 வயது கடந்த குடிமக்களிலிருந்து சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 பேர். ஒரு நாள் பணிக்கு அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் மூன்று ஒபோல், அதாவது அரைத் திராக்மா. பேசும் நேரம் நீர்க்கடிகாரத்தால் அளக்கப்பட்டது. வழக்கு முழுவதும் ஒரே நாளில் முடிய வேண்டும். உயிர்த்தண்டனைக்குரிய வழக்கை ஒரே நாளில் முடிக்காத சட்டம் இங்கும் இருந்திருந்தால் உங்களை இணங்கச் செய்திருப்பேன் என்ற பொருளில் 'அப்பாலஜி'யில் சாக்ரட்டீஸ் பேசுகிறார்.

முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்று அதே நூலில் அவர் வியக்கிறார். இதிலிருந்து ஏறத்தாழ 280 பேர் அவருக்கு எதிராகவும் 220 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர் என்று கணக்கிடுகிறார்கள். அறிவிலிக் கூட்டம் ஒன்று ஞானி ஒருவரைக் கொன்றது என்று கதையைச் சொல்லும்போது இந்த 220 பேர் காணாமல் போகிறார்கள். போரில் தோற்று, கொள்ளைநோய் கண்டு, உள்நாட்டுக் கலகத்தையும் தாண்டி வந்த நகரத்தில், தங்களை ஓயாமல் கேள்வி கேட்டு எரிச்சலூட்டிய முதியவருக்கு ஆதரவாக 220 சாதாரணக் குடிமக்கள் நின்றார்கள்.

சட்டத்தில் தண்டனை வரையறுக்கப்படாத வழக்கு இது. எனவே இரு தரப்பும் தனித்தனியே தண்டனையை முன்மொழிந்தன. வழக்குத் தொடர்ந்தவர்கள் மரணத்தைக் கேட்டனர். நாடு கடத்தலைக் கேட்டிருந்தால் அது ஏற்கப்பட்டிருக்கக் கூடும். சாக்ரட்டீசோ, தமக்குத் தகுந்தது ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கு அளிப்பதைப் போன்ற அரசு விருந்து என்றார். பிறகு ஒரு மினா அபராதம் என்றார். இறுதியில் பிளேட்டோ உள்ளிட்ட நண்பர்கள் பொறுப்பேற்க, 30 மினா என்று உயர்த்தினார். முப்பது மினா என்பது 3000 திராக்மா. நடுவர் ஒருவரின் 6000 நாள் ஊதியம். தொகை சிறிதன்று. ஆனால் அதற்கு முன் சொல்லப்பட்ட விருந்துப் பேச்சு கேட்டவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. செனபோன் எழுதிய தற்காப்புரையில் இந்தப் பெருமிதப் பேச்சுக்கே ஒரு விளக்கம் தேடப்படுகிறது. முதுமையின் துன்பங்களை அடைவதைவிட இப்போதே இறப்பது மேல் என்று சாக்ரட்டீஸ் முடிவு செய்துவிட்டார் என்பது அவர் தரும் விளக்கம். பிளேட்டோவின் சாக்ரட்டீஸ் உண்மைக்காகச் சாகிறார். செனபோனின் சாக்ரட்டீசுக்குச் சாவு வசதியாகவும் இருக்கிறது. நேரில் பழகிய இரு மாணவர்களின் சான்றுகளே இவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

சொல்லப்படாத பின்னணி

கி.மு. 404இல் பெலோபொனீசியப் போரில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் கொண்ட சிறுகுழு ஆட்சி நிறுவப்பட்டது. சில மாதங்களே நீடித்த அவ்வாட்சியில் 1500 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டனர் என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' கூறுகிறது. அக்குழுவின் முன்னணியில் இருந்த கிரிட்டியாஸ், சாக்ரட்டீசோடு பழகியவர். போரின்போது ஸ்பார்ட்டாவின் பக்கம் தாவிய ஆல்சிபியாடீசும் அவருக்கு நெருங்கியவரே. மறுபுறம், வழக்குத் தொடர்ந்த அனிட்டஸ் மக்களாட்சியை மீட்டவர்களில் ஒருவர்.

கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டபோது பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. கடந்த கால அரசியல் செயல்களுக்காக எவர் மீதும் வழக்குத் தொடரக் கூடாது. எனவே கிரிட்டியாசை உருவாக்கியவர் என்று சாக்ரட்டீஸ் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்ட வழியில்லை. இளைஞரைக் கெடுத்தார் என்ற சொற்களுக்குள் அந்தப் பழைய கோபமும் இருந்திருக்கலாம். இது வெறும் ஊகமன்று. அரை நூற்றாண்டுக்குப் பின், கி.மு. 345இல், சொற்பொழிவாளர் ஈஸ்கினஸ் மற்றொரு வழக்கில் பேசும்போது, கிரிட்டியாசின் ஆசிரியர் என்பதற்காகவே ஏதென்ஸ் மக்கள் சாக்ரட்டீசைக் கொன்றார்கள் என்பதை எல்லாரும் அறிந்த செய்தியாகக் குறிப்பிடுகிறார். செனபோனும் தம் நினைவுக்குறிப்பு நூலின் தொடக்கத்திலேயே கிரிட்டியாஸ், ஆல்சிபியாடீஸ் பற்றிய பழிக்கு நீண்ட மறுப்பு எழுதுகிறார்.

பிளேட்டோவின் 'அப்பாலஜி'யில் கிரிட்டியாசின் பெயரே வரவில்லை. தம் மாணவர்கள் என்று பிறர் தூற்றுவோரைப் பற்றி ஒரு மறைமுகக் குறிப்பு மட்டுமே உண்டு. கிரிட்டியாஸ் பிளேட்டோவுக்குத் தாய்வழி உறவினர் என்பதை அறிந்து படிக்கும்போது இந்த மௌனம் கவனத்துக்குரியதாகிறது. நூல் ஒரு நீதிமன்றப் பதிவன்று. ஆசிரியருக்காக மாணவர் எழுதிய வாதம். வாதம் என்ற முறையிலேயே அதை எடைபோட வேண்டும்.

அதே நூல் சாக்ரட்டீசின் பக்கம் வலுவான இரு நிகழ்ச்சிகளையும் தருகிறது. கி.மு. 406இல் அர்கினூசே கடற்போருக்குப் பின் தளபதிகளை ஒரே தொகுப்பாக விசாரிக்க மக்கள் அவை முனைந்தபோது, அது சட்டவிரோதம் என்று சாக்ரட்டீஸ் எதிர்த்தார். முப்பதின்மர் ஆட்சியில், சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவருமாறு ஐவருக்கு ஆணையிட்டபோது, மற்ற நால்வர் சென்றனர். சாக்ரட்டீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். முதல் நிகழ்ச்சியில் மக்களாட்சியையும், இரண்டாவதில் கொடுங்கோலாட்சியையும் மறுத்தவர் அவர். ஆனால் இரண்டாவது நிகழ்ச்சியில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. வீட்டுக்குப் போனவர் லியோனை எச்சரித்தாரா? நூல் அதைச் சொல்வதில்லை. தம் கை கறைபடாமல் காப்பதும், பிறர் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல.

பகுத்தறிவும் தெய்வக் குரலும்

சாக்ரட்டீசை இறைமறுப்பாளராகக் காட்டுவது மூல நூல்களுக்குப் பொருந்தாது. தம்மைத் தவறான செயலிலிருந்து தடுக்கும் தெய்வக் குரல் ஒன்று சிறுவயது முதல் கேட்டுவருவதாக அவரே சொல்கிறார். தம் பணி டெல்ஃபியின் அப்போலோ தெய்வம் இட்ட கட்டளை என்றும் கூறுகிறார். சாக்ரட்டீசைவிட அறிவுள்ளவர் இல்லை என்று அக்கோயிலில் குறி சொல்லப்பட்டதாம். கேட்டவுடன் அவர் அதை ஏற்கவுமில்லை, புறக்கணிக்கவுமில்லை. அரசியலாளர், புலவர், கைவினைஞர் என ஒவ்வொருவரிடமும் சென்று, தம்மைவிட அறிவுள்ள ஒருவரைக் கண்டுபிடித்துக் குறியைப் பொய்யாக்க முயன்றார். தெய்வ வாக்கையும் சோதித்த பிறகே ஏற்பது என்ற இந்த மனநிலைதான் அவரிடம் புதுமையானது. நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பதைவிட, நம்பிக்கையை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதே முக்கியம்.

ஆயினும் குற்றச்சாட்டுக்கு அவர் அளித்த விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மெலீட்டசைக் குறுக்கு விசாரணை செய்யும் பகுதியில், தெய்வ சக்திகளை நம்புகிறவன் கடவுளரையும் நம்பியே ஆக வேண்டும் என்று நிறுவுகிறார். மெலீட்டஸ் திணறுகிறார். ஆனால் குற்றச்சாட்டு பொதுவாகக் கடவுள் நம்பிக்கை பற்றியதன்று. நகரம் ஏற்கும் கடவுளரைப் பற்றியது. அதற்கு நேரடியான விடை உரையில் இல்லை. எதிராளியின் மந்தத்தால் வாதம் வென்றதுபோல் தோன்றுகிறது. 280 பேர் நிறைவடையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இரு நூல்களின் முரண்

இனி மையக் கேள்விக்கு வரலாம். 'அப்பாலஜி'யில் சாக்ரட்டீஸ் நடுவர்களிடம் ஒரு நிலையைத் தெளிவாக வைக்கிறார். மெய்யியல் பேசுவதைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை அளித்தாலும் தாம் அதை ஏற்கப் போவதில்லை. நடுவர்களுக்கன்று, தெய்வத்துக்கே கட்டுப்படப் போவதாகச் சொல்கிறார். 'கிரிட்டோ'வில் காட்சி சிறைக்கு மாறுகிறது. டெலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும்வரை மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பதால் சாக்ரட்டீஸ் சிறையில் காத்திருக்கிறார். விடியுமுன் வந்த நண்பர் கிரிட்டோ, தப்பிச் செல்லப் பணமும் ஆளும் ஆயத்தம் என்கிறார். சாக்ரட்டீஸ் மறுக்கிறார். ஏதென்சின் சட்டங்களே உருவெடுத்துவந்து பேசுவதாகக் கற்பனை செய்கிறார். தங்களைப் பெற்றோராகவும் அவரைத் தங்கள் பிள்ளையாகவும், அடிமையாகவும்கூட, அச்சட்டங்கள் கூறிக்கொள்கின்றன. எழுபது ஆண்டுகள் இந்நகரில் தங்கியதே எங்களோடு செய்த உடன்படிக்கை. எங்களை இணங்கச் செய், அல்லது கீழ்ப்படி என்பது அவற்றின் வாதம்.

முதல் நூலில் மனச்சாட்சிக்காக ஆணையை மீறுவேன் என்றவர், இரண்டாவதில் அநீதியான தீர்ப்புக்கும் பணிய வேண்டும் என்கிறார். இம்முரணைத் தீர்க்க மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ஏதென்ஸ் நடுவர் மன்றத்துக்கு நிபந்தனை விடுதலை அளிக்கும் அதிகாரமே இல்லை. எனவே 'அப்பாலஜி' கூற்று வெறும் கற்பனை நிலை. இது சட்ட நுணுக்கம். கேள்வியைத் தவிர்க்கிறதே ஒழியத் தீர்க்கவில்லை. கற்பனை நிலையாயினும் அதில் வெளிப்படும் கொள்கை உண்மையானது.

இரண்டாவது, இணங்கச் செய் அல்லது கீழ்ப்படி என்ற வாய்ப்பில் முதல் பாதிக்கு அழுத்தம் தருவது. குடிமகன் தன் மறுப்பை வெளிப்படையாக எடுத்துரைத்தால் போதும் என்று பொருள் கொண்டால் முரண் குறையும். ஆனால் பிள்ளை, அடிமை என்ற ஒப்புமைகளோடு சேர்த்துப் படிக்கும்போது சட்டங்களின் பேச்சு அவ்வளவு தாராளமாகத் தெரியவில்லை.

மூன்றாவது, அநீதியைச் செய்வதற்கும் அநீதிக்கு ஆளாவதற்கும் இடையிலான வேறுபாடு. லியோனைப் பிடித்துவருவது அநீதி செய்தல். அதற்கான ஆணையை மீற வேண்டும். தண்டனையை ஏற்பது அநீதிக்கு ஆளாதல், அதைத் தாங்கிக்கொள்ளலாம். எந்நிலையிலும் அநீதி செய்யலாகாது, பழிக்குப் பழியாகவும் செய்யலாகாது என்று சாக்ரட்டீஸ் 'கிரிட்டோ'வில் முன்வைக்கும் அடிப்படையோடு இது நன்கு இசைகிறது. மூன்றில் வலுவானது இதுவே. சாக்ரட்டீசின் நடத்தையை இது விளக்கிவிடுகிறது. ஆனால் சட்டங்களின் பேச்சை இது காப்பாற்றவில்லை. சட்டங்கள் கேட்பது இதைவிட முழுமையான பணிவு.

ஆகவே சட்டங்களின் பேச்சைச் சாக்ரட்டீசின் இறுதிக் கொள்கையாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை தேவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. நூலின் முடிவு இதற்கு இடம் தருகிறது. சட்டங்களின் குரல் தம் காதில் ரீங்கரிப்பதாகவும், குழலிசையில் மெய்ம்மறந்த கோரிபாண்ட் வழிபாட்டினரைப் போல வேறு எதையும் தம்மால் கேட்க இயலவில்லை என்றும் அவர் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் எதிர்வாதத்தைத் தேடி அலைந்தவர், இங்கே எதிர்வாதம் காதில் விழாது என்கிறார். கிரிட்டோவும் தமக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று அடங்கிவிடுகிறார். இது சாக்ரட்டீசின் வழக்கமான உரையாடல் முறையன்று. ஒரு நண்பரை அமைதிப்படுத்தும் பேச்சு. கேட்கப்படாமல் விட்ட கேள்விகளை வாசகர் கேட்க வேண்டும் என்று பிளேட்டோ விட்டுவைத்தாரோ என எண்ணத் தோன்றுகிறது.

பின்வந்தோர் படித்த விதம்

இந்த முரண் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1908இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி 'அப்பாலஜி'யைக் குஜராத்தியில் சுருக்கி 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். சாக்ரட்டீசை அவர் சத்தியத்தின் போர்வீரராகக் கண்டார். அது நூலாக இந்தியாவுக்கு வந்தபோது 1910இல் பம்பாய் அரசு அதைத் தடை செய்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தற்காப்புரை ஒரு பேரரசுக்கு ஆபத்தாகத் தோன்றியிருக்கிறது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், சட்டமறுப்பின் முன்னோடிகளுள் ஒருவராகச் சாக்ரட்டீசைச் சுட்டினார்.

காந்தியும் கிங்கும் செய்தது என்ன? அநீதியான சட்டத்தை மீறினார்கள். மீறியதற்கான தண்டனையை ஓடி ஒளியாமல் ஏற்றார்கள். முதற்பாதி 'அப்பாலஜி', இரண்டாம் பாதி 'கிரிட்டோ'. மெய்யியலாளர்கள் ஏட்டில் இணைக்கத் திணறிய இரு நூல்களை அவர்கள் போராட்ட களத்தில் இணைத்தார்கள். இதற்கு மாறாக, 'கிரிட்டோ'வை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அது எந்த அரசுக்கும் பணிந்து நடக்கச் சொல்லும் கையேடாகிவிடும்.

அறிஞர்களிடையிலும் கருத்து ஒன்றல்ல. மரபார்ந்த நகரத்தின் உரிமையும் தனிமனித மனச்சாட்சியின் உரிமையும் மோதிய துன்பியலாக இதை ஹெகல் பார்த்தார். கார்ல் பாப்பர் 1945இல் வெளிவந்த 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' நூலில் சாக்ரட்டீசை மக்களாட்சியின் நண்பராகவும், பிளேட்டோவை அவருக்குத் துரோகம் செய்தவராகவும் காட்டினார். இதழாளர் ஐ. எஃப். ஸ்டோன் 1988இல் எழுதிய நூலில், சாக்ரட்டீசே மக்களாட்சியை வெறுத்தவர் என்றார். ஏதென்ஸ் பெருமையாகக் கொண்டாடிய பேச்சுரிமையைத் தம் தற்காப்பாகக் காட்டியிருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார் என்பது ஸ்டோனின் வாதம்.

பாப்பரின் குற்றச்சாட்டு மிகையெனக் கருதுவோரும் பிளேட்டோவின் கடைசி நூலான 'சட்டங்கள்' தரும் சான்றை எளிதில் கடக்க முடியாது. அதன் பத்தாம் பகுதியில் இறைநிந்தனைக்குச் சட்டம் வகுக்கப்படுகிறது. கடவுளரை நம்பாதவர் நல்லொழுக்கம் உடையவராயினும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சீர்திருத்தச் சிறையில் வைக்கப்பட வேண்டும்; அதன் பின்னும் திருந்தாமல் மீண்டும் குற்றவாளியெனத் தீர்ப்பானால் மரணம். தம் ஆசிரியரை இறைநிந்தனைக் குற்றத்துக்கு இழந்து 'அப்பாலஜி' எழுதிய கை, முதுமையில் அதே குற்றத்துக்கு மரண தண்டனை எழுதியது. தாம் உருவாக்கிய நாயகருக்குத் தாம் வகுத்த நகரில் இடமிருக்குமா என்ற கேள்விக்குப் பிளேட்டோவிடம் தெளிவான விடை இல்லை.

மதிப்பீடு

கிரேக்க மெய்யியலின் தாக்கம் என்று பேசும்போது பெரும்பாலும் கருத்துகளின் பட்டியலே தரப்படுகிறது. சாக்ரட்டீசைப் பொறுத்தவரை தாக்கம் செலுத்தியது ஒரு கொள்கையைவிட ஒரு நடத்தை: கேள்வி கேட்டல், கேட்டதற்கான விலையைக் கொடுத்தல். அதனாலேயே அவரைத் துறவியாகவும் பகுத்தறிவாளராகவும் கலகக்காரராகவும் பணிவுள்ள குடிமகனாகவும் ஆளுக்கொரு விதமாகக் காண முடிந்தது.

ஆனால் புகழ்ச்சிக்கு ஓர் ஆபத்து உண்டு. நஞ்சுக் கோப்பையை மட்டும் வணங்கும்போது வழக்கு மறந்துவிடுகிறது. அவரைத் தண்டித்தது கொடுங்கோலன் ஒருவன் அல்லன்; சட்டப்படி கூடிய குடிமக்கள் மன்றம். எழுபது வயதுவரை அவரைப் பேசவிட்டதும் அதே நகரம்தான். அண்டை நகரான ஸ்பார்ட்டாவில் அப்படி ஒருவர் உருவாகியிருப்பாரா என்பதே ஐயம். அச்சமும் பழைய காயமும் சேரும்போது, முறைப்படி நடக்கும் ஒரு மக்களாட்சியும் ஒரே நாளில் தவறிழைக்கக்கூடும் என்பது இவ்வழக்கு தரும் பாடம். அன்று மன்றத்தில் இருந்தவர்களில் 30 பேர் வேறு பக்கம் வாக்களித்திருந்தால் போதுமாயிருந்தது. மாணவர்கள் இந்நூல்களைப் படிக்கும்போது சாக்ரட்டீசின் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பது இயல்பு. நடுவர் இருக்கையில் அமர்ந்திருந்த அந்த 500 பேரின் இடத்தில் வைத்துப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. ஏனெனில் நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் வாய்ப்பது அந்த இருக்கையே.